ஐந்து வாரக் கையெழுத்து

இரண்டு மாத வேலை என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்தார்கள். அவள் துணி மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த கம்பெனியை அப்போதுதான் மூடியிருந்தார்கள். மழைக்காலம், ஊரெல்லாம் காய்ச்சல். நகராட்சியில் கொசு ஒழிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போய் வரிசையில் நின்றாள். ஒரு காக்கிக் கோட்டு, ஒரு டார்ச், தண்ணீர் மொண்டு புழு பார்க்க நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டி, மருந்துப் புட்டி, எல்லாம் போட ஒரு தோள்பை. பயிற்சி அரை மணி நேரம். மழை நின்றதும் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். அனுப்பவில்லை. நிரந்தரமும் ஆக்கவில்லை. அப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

தெருவில் அவளுக்குக் கொசு அக்கா என்று பெயர். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு, கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் கணவர் பெயிண்டர். கையில் பிரஷ் இருக்கிறதோ இல்லையோ, வாயில் கிண்டல் இருக்கும்.

"ஊர்ல எல்லாரும் கொசுவுக்குப் பயந்து கதவ சாத்துறாங்க. இவ ஒருத்திதான் அத விசாரிச்சுக்கிட்டு வீடு வீடா போறா" என்பார்.

விசாரிப்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு எழுபது வீடு. பாதி வீடு பூட்டியிருக்கும். திறந்த வீட்டில் பாதிப் பேர், "சாக்கடைய போய் பாருங்க, எங்க வீட்ல எல்லாம் சுத்தம்" என்பார்கள். சாக்கடைக் கொசு வேறு, இது வேறு என்று அவள் சொல்லுவாள். காலில் வெள்ளை வரி போட்டுக்கொண்டு பட்டப்பகலில் கடிக்கிற இந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சொட்டுகிற தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மொட்டைமாடியில் யாரோ என்றோ போட்டுவிட்டு மறந்த டயர், எதுவும் போதும். முட்டை இட்ட ஏழெட்டு நாளில் இறக்கை முளைத்துவிடும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு தடவை வந்து தொல்லை கொடுக்கிறேன் என்பாள். இதை ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லவேண்டும். பதினோரு வருடத்தில் வார்த்தைகள் தேய்ந்து, கடைசியில், "நல்ல தண்ணிம்மா, நல்ல தண்ணி" என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

கண்ணும் அதற்கே பழகிப்போயிற்று. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் கை முதலில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத்தான் தூக்கும். "வந்ததும் வராததுமா சோதனை போட வந்துட்டாங்க" என்று நாத்தனார் ஒரு தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தொட்டியில் புழு இருந்தது வேறு விஷயம்.

ஒவ்வொரு வீட்டிலும் வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். தேதி, 'பார்த்தாகிவிட்டது', கையெழுத்து. மூன்று கட்டம். வீட்டின் உள், வெளி, மாடி மூன்றையும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடவேண்டும் என்பது சட்டம். மாதக் கடைசியில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கவேண்டும் என்பது சூப்பர்வைசரின் சட்டம். அவளைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனுஷர்தான். மேலே இருந்து அவரை நெருக்கினால் அவர் கீழே நெருக்குவார்.

அந்த வருடம் அவளுடைய பகுதியில் புதிதாகச் சேர்த்த ஒரு தெருவில் இன்ஜினியர் வீடு என்று ஒன்று இருந்தது. மூன்று மாடி. மேல் இரண்டு மாடியிலும் ஆளில்லை, மகன்கள் வெளிநாடு. கீழே ஓய்வுபெற்ற இன்ஜினியர் மட்டும். எப்போது போனாலும் சலவைச் சட்டையோடு வாசலுக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சமையலறை, குளியலறை எல்லாம் தாராளமாகப் பார்க்கவிடுவார். மாடி என்றால் மட்டும் பேப்பரை மடித்துவிடுவார்.

"மேல எல்லாம் மூடித்தான் இருக்கு. நானே பார்த்துட்டேன்."

"ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன் சார்."

"ஏம்மா, முப்பத்தஞ்சு வருஷம் கட்டடம் கட்டினவன் நான். என் வீட்டுத் தொட்டிக்கு மூடி இருக்கான்னு எனக்குத் தெரியாதா? கையெழுத்து போட்டுட்டு கிளம்பு."

முதல் வாரம் வாதாடினாள். இரண்டாவது வாரம் கேட்டாள். மூன்றாவது வாரம், "மாடி ஓகேதானே சார்?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் அதுவும் இல்லை. போனாள், கீழே பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள், வந்தாள்.

இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவளுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. அந்த வீட்டின் படிக்கட்டு செங்குத்தானது. வாசலில் நின்று அவர், "வேண்டாம்" என்று சொல்லும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று, அப்பாடா என்று உட்கார்ந்துகொள்ளும். அவர் தடுத்தார் என்பது உண்மை. தடுத்தது வசதியாக இருந்தது என்பதும் உண்மை.

அந்த வீட்டுக்கு எதிரே ஒரு தையல்காரம்மா. முன்னறையில் மிஷின், பின்னறையில் குடித்தனம், அவளும் மகளும் மட்டும். மகளுக்குப் பத்தொன்பது வயது. செல்போன் கடையில் வேலை. தையல்காரம்மா வீட்டில் சோதனை என்று ஒன்று தேவையே இருக்காது. வாளியைக் கவிழ்த்து வைத்திருப்பாள், டிரம்மைத் துணி கட்டி மூடியிருப்பாள். கொசு அக்கா வந்தால், தைத்துக்கொண்டிருக்கும் துணியை நகர்த்திவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். "நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் உலகத்தையே சுத்தி வந்திருக்கலாம் அக்கா" என்பாள்.

மழை பிடித்த இரண்டாவது வாரம். கொசு அக்கா போனபோது மிஷின் ஓடவில்லை.

"பொண்ணுக்கு மூணு நாளா காய்ச்சல் அக்கா. அனலா கொதிச்சுது. மெடிக்கல்ல உடம்பு வலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். காலைலேர்ந்து காய்ச்சல் சுத்தமா இல்ல. நல்லா தூங்குறா" என்று தையல்காரம்மா சொன்னாள். முகத்தில் பெரிய பாரம் இறங்கிய சிரிப்பு.

கொசு அக்கா சிரிக்கவில்லை. பின்னறைக்குப் போனாள். மகள் சுவர்ப் பக்கம் திரும்பி, வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள். தூக்கம் இல்லை, புரண்டுகொண்டே இருந்தாள். கை ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் வாந்தி எடுத்த கிண்ணம்.

"எத்தனை தடவை வாந்தி எடுத்தா?"

"காலைலேர்ந்து நாலஞ்சு தடவை. வெறும் வயித்துல மாத்திரை போட்டதால இருக்கும்..."

"வாயைத் திறம்மா."

பல் ஈறு ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. கொசு அக்கா பதினோரு வருடமாகக் கூட்டங்களில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்ட பாடம் அப்படியே எதிரில் படுத்திருந்தது. டெங்கு என்றால் காய்ச்சல் இருக்கும்போதைவிட, அது விடும்போதுதான் பயப்படவேண்டும்.

"கிளம்புங்க. இப்பவே ஆஸ்பத்திரி."

"காய்ச்சலே இல்லையே அக்கா, சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு..."

"பார்க்கிறதுக்கு நேரமில்ல. அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கங்க, டாக்டர் கேப்பாரு. ஆட்டோவ நான் கூப்பிடறேன்."

அன்றைக்கு மீதி வீடுகளை அவள் பார்க்கவில்லை. தோள்பையும் கரண்டியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். காய்ச்சல் வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் வலை கட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பவரைக் கடித்த கொசு வெளியே வந்து அடுத்தவரைக் கடிக்கக் கூடாது என்று அந்த ஏற்பாடு. ரத்தம் எடுத்தார்கள், கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றாள் நர்ஸ். தையல்காரம்மா கொசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீங்க வராம இருந்திருந்தா..."

"அப்படியெல்லாம் பேசாதீங்க" என்றாள் கொசு அக்கா. பாராட்டு அவளுக்குப் புதிது. அன்று வீட்டுக்குப் போகும்போது, களைப்பையும் மீறி, கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வந்து நின்றார். ஒரு வீட்டில் நோய் உறுதியானால் சுற்றியுள்ள ஐம்பது வீட்டையும் அலசவேண்டும். இந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றியே பிழைப்பு நடத்தும். ஆகவே அது பக்கத்தில்தான் எங்கேயோ பிறந்திருக்கிறது.

"எதுத்த வீட்லேர்ந்து ஆரம்பிப்போம் அக்கா" என்றார்.

எதிர் வீடு இன்ஜினியர் வீடு. அவள் சூப்பர்வைசருக்கு ஓரடி பின்னாலேயே நடந்தாள்.

சூப்பர்வைசர் அடையாள அட்டையைக் காட்டியதும் இன்ஜினியர் மறுக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழி விட்டார். இருவரும் ஏறினார்கள். மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சூப்பர்வைசர் தோளால் இடித்துத் திறந்தார்.

தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறந்து ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பழைய வாஷிங் மெஷின், மேலே வாய் திறந்து, விளிம்பு வரை மழைத்தண்ணீர். சுவரோரம் காலிப் பெயிண்ட் டப்பாக்கள் பதினாலு. அவள் குனிந்து வாஷிங் மெஷினுக்குள் டார்ச் அடித்தாள். வெளிச்சம் பட்டதும் மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் துடித்துத் துடித்து அடிக்கு ஓடின. ஒரு கரண்டி மொண்டாள். எண்ண முடியவில்லை, பானையில் அரிசி கொதிக்கிற மாதிரி இருந்தது. உள்சுவரில் வெறும் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பறந்துபோனவை எத்தனையோ.

சூப்பர்வைசர் கீழே இறங்கினார். கதவுக்குப் பின்னால் இருந்த அட்டையைப் பார்த்தார். ஐந்து வாரம். ஐந்து 'பார்த்தாகிவிட்டது'. ஐந்து கையெழுத்து. அவளை வெளியே கூப்பிட்டார்.

"அக்கா, இதை நான் பார்க்கல. புது அட்டை ஒண்ணு தரேன். 'மாடி பூட்டியிருந்தது'ன்னு எழுதிடுங்க. ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்ல."

"பூட்டியிருக்கலையே தம்பி."

"எல்லாரும் செய்றதுதானே! அதுவுமில்லாம எந்தக் கொசு எங்க பிறந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? இன்னும் நாப்பத்தொம்பது வீடு இருக்கு. எல்லாத்துலயும் இருக்கும் பாருங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. அன்று மாலைக்குள் இன்னும் மூன்று வீட்டில் புழு கிடைத்தது. யார் வீட்டுக் கொசு அந்தப் பெண்ணைக் கடித்தது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறுதல் அவளுக்கு ஒட்டவில்லை. மூன்று வீட்டிலும் தண்ணீரில் ஏழெட்டுப் புழு. இங்கே கரண்டி கொள்ளாமல்.

"பார்க்கலைன்னு எழுதுங்க தம்பி. நான் பார்க்காம கையெழுத்து போட்டேன்."

"அப்படி எழுதினா உங்களை மட்டும் கேக்க மாட்டாங்க அக்கா. என்னையும்தான் கேப்பாங்க."

"தெரியும்."

அவர் அறிக்கைத் தாளை விரித்தார். பிறகு பேனாவை எடுத்தார். கோபத்தில் எழுதினாரோ வேறு எதனாலோ தெரியாது, பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினார்.

டப்பாக்களைக் கவிழ்த்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வாஷிங் மெஷினைச் சாய்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவள் கடைசியாகக் கீழே வந்தபோது இன்ஜினியர் அதே நாற்காலியில்தான் இருந்தார். பேப்பர் மடியில் கிடந்தது.

"இருந்துச்சா?" என்றார்.

"நிறைய இருந்துச்சு சார்."

"இடுப்பு எலும்பு உடைஞ்சதுலேர்ந்து நான் மேல போனதே இல்லம்மா. ரெண்டு வருஷம் ஆச்சு. சொன்னா வெட்கம். ஒரு படி கூட ஏற முடியாதவன்னு எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவையும், அடுத்த வாரம் யாரையாவது விட்டுப் பார்த்துக்கலாம்னு நினைப்பேன்."

தனக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"எனக்கு முட்டி வலி சார். நீங்க வேண்டாம்னு சொன்னா நிம்மதியா இருக்கும்."

அவள் கரண்டியைத் தோள்பையில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தப் பெண்ணின் நிலைமை மோசமாகியிருந்தது. ரத்த அணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். தையல்காரம்மா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொசு அக்காவைப் பார்த்ததும் இடம் விட்டு நகர்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் கொசு அக்கா. உட்காராமலே சொன்னாள். எதிர் வீட்டு மாடி. ஐந்து வாரம். கையெழுத்து. முட்டி வலி. எல்லாவற்றையும்.

தையல்காரம்மா கேட்டாள். நடுவில் ஒரு தடவை வார்டுக் கதவைப் பார்த்தாள். முடிந்ததும், "இப்ப இதையெல்லாம் கேக்க என்கிட்ட தெம்பு இல்ல அக்கா. போயிட்டு வாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று கொசு அக்கா வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை. அவளுடைய செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுதா?" என்றார்.

"இல்ல. ஏறியிருக்கலாம்னு தோணுது."

ஆறாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பத்தாம் நாள் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒரு மாதம் நின்று வியாபாரம் பார்க்க முடியவில்லை. செல்போன் கடைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவள் அம்மாவின் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள்.

கொசு அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகும் என்று எதிர்பார்த்தாள், போகவில்லை. மழைக்காலத்தில் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் இல்லை. அதே தெரு, அதே வீடுகள். தையல்காரம்மா கதவைத் திறப்பாள், உள்ளே விடுவாள், தைத்துக்கொண்டே இருப்பாள். ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் அவளே மிஷினை நிறுத்தினாள்.

"உங்களைப் பார்த்தாலே ரெண்டும் சேர்ந்து ஞாபகத்துக்கு வருது அக்கா. திட்டவும் முடியல, கும்பிடவும் முடியல. நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா" என்றாள் கொசு அக்கா.

அதற்குப் பிறகு அவள் ஒரு பழக்கத்தை மாற்றினாள். மேலே விடாத வீட்டில், பூட்டிய வீட்டில், தன் கால் ஒத்துழைக்காத வீட்டில்கூட, அட்டையில் 'பார்க்கவில்லை' என்று எழுதினாள். என்ன காரணமோ அதையும் எழுதினாள். முதல் மாதம் நூற்றுப் பதினெட்டு வீடு. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கட்டம் நிரம்பலைன்னா என் கதை முடிஞ்சுது அக்கா" என்றார். ஆனாலும் அவள் எழுதியதை அவர் திருத்தவில்லை.

மூன்றாம் மாதம் தலைமை அலுவலகத்தில் கூட்டம். பெரிய அறை, நீள மேசை. அதிகாரி அம்மா எல்லாப் பகுதிக் கணக்கையும் புரட்டினார். மற்ற பகுதிகளில் எல்லாம் நூற்றுக்கு நூறு, தொண்ணூற்றெட்டு. ஒரே ஒரு இடத்தில் அறுபத்தொன்று. யார் என்று கேட்டார். கொசு அக்கா எழுந்து நின்றாள்.

"மத்தவங்களால முடியுது. உங்களால மட்டும் ஏன் முடியல?"

"மத்தவங்க பகுதியில எல்லா வீட்டுலயும் கதவு திறக்குறாங்க போல மேடம். எங்க பகுதியில நிறைய பேரு வெளியூர் போயிடுறாங்க. முடியாத கிழவங்க நிறைய. எனக்கும் வயசாகுது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. அவள் எழுதிய தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 'மாடிச் சாவி மகனிடம்.' 'நாய்.' 'தனியாக இருக்கும் அம்மா, கேட்டுக்கு வர முடியவில்லை.' 'எனக்கு அன்று ஏற முடியவில்லை.' கடைசித் தாளைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, வாரத்தில் இரண்டு நாள் ஏணியோடும் நோட்டீஸோடும் இரண்டு பேரை அந்தப் பகுதிக்கு அனுப்பச் சொன்னார். நூற்றுக்கு நூறு காட்டிய பகுதிகளுக்குத் தானே நேரில் வருவதாகவும் சொன்னார். அறையில் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு பேர் என்று சொன்னதில் ஒருவர்தான் வந்தார். அதுவும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். இருந்தாலும் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் முப்பத்திரண்டு மாடிகள் திறந்தன. பதினொன்றில் புழு இருந்தது.

கூட்டம் முடிந்த அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் கணவர் சோறு வடித்து வைத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வரச் சொன்னாங்க" என்றாள். கோட்டைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டிருந்தாள். அவர் எழுப்பவில்லை, தட்டை மூடி வைத்துவிட்டு, ஜன்னல் வலையைச் சாத்தினார்.